கிளட்ச் கம்பியில் தளர்வு வேண்டும்

பால்மரக் காட்டில் வேலை செய்வோருக்கு மோட்டார் சைக்கிளும் வெட்டுக் கத்தியைப் போல் ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. விடியுமுன்னே பெரட்டுக்குப் போவதற்கும், நிரையிலிருந்து பாலைக் கொண்டுபோய் நிறுக்கும் கொட்டகையில் சேர்ப்பதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதற்கும் அதனையே நம்பியிருக்கிறோம். கத்தியை நாள் தவறாமல் தீட்டுகின்ற நாம், மோட்டார் சைக்கிளை மட்டும் அது நடுவழியில் நின்றுபோகும் நாளில்தான் நினைத்துப் பார்க்கிறோம்.

இம்முறை அவ்வண்டியின் ஒரு சிறு உறுப்பைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். இடக்கைப் பிடியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் கிளட்ச் கம்பியே அது. பட்டறைகளில் இதனைக் கேபிள் என்றும், வயர் என்றும் கூறுவர். வண்டியின் பாகங்களிலே மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால், இதனைச் சரியான அளவில் வைக்கத் தவறினால் கெட்டுப்போகும் கிளட்ச் தட்டுகளையும் சுருள்வில்களையும் மாற்றுவதற்குப் பல நாள் கூலி போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அலுவல் காரணமாக ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். மேட்டுப்பாங்கான தோட்டம். லயத்து வாசலில் ஒருவர் தம்முடைய மோட்டார் சைக்கிளின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். விசாரித்தேன். "ஒரே வருசத்துல ரெண்டு தடவ தட்டு மாத்தியாச்சு சார். வெறுமனே போனா ஓடுது. பால் தோம்ப ஏத்தினா மேட்டுல எஞ்சின் கத்துதே தவிர வண்டி ஏற மாட்டேங்குது" என்றார். அன்று காலை பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டதாம். தள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தோம்புப் பால் உறையத் தொடங்கிவிட்டது. உறைந்த பாலுக்குப் பால் விலை கிடைக்காது, கட்டிப்பால் கணக்குதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

வண்டியின் கிளட்ச் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. வீணைத் தந்தியைப் போல் கம்பி விறைப்பாக இருந்தது. "யார் அண்ணே இப்படி இறுக்கியது?" என்று கேட்டேன். "நான்தான் சார். பிடி லொடலொடன்னு தொங்குனா நமக்குப் பிடிக்காது" என்றார். இரண்டு முறை தட்டு மாற்றியும் தீராத நோய்க்கு அந்த ஒரு வாக்கியத்தில் காரணம் இருந்தது.

அவரை நான் குறை கூறவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்த நாள்களில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். தளர்ந்த பொருளைக் கண்டால் இறுக்கத் தோன்றுவது மனித இயல்பு. கட்டிலின் ஆணி தளர்ந்தால் இறுக்குகிறோம். கதவின் கீல் தளர்ந்தால் இறுக்குகிறோம். கிளட்ச் கம்பியின் செய்தியோ வேறு. அதில் குறிப்பிட்ட அளவு தளர்வு இருக்க வேண்டும் என்று வைத்துத்தான் வண்டியையே செய்திருக்கிறார்கள். ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள, கிளட்ச் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்குள் நடப்பது

எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கிறது. பின் சக்கரமோ சில வேளை சுழல வேண்டும். சில வேளை நிற்க வேண்டும். கியர் மாற்றும்போதும் ஒரு நொடி நேரம் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தும் பிரித்தும் வைக்கும் வேலையைக் கிளட்ச் செய்கிறது.

கிளட்சுக்குள் இரண்டு வகைத் தட்டுகள் உள்ளன. ஒருவகை, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டவை. மற்றொரு வகை, வெறும் எஃகுத் தட்டுகள். ஒன்று விட்டு ஒன்றாக, தோசைகளை அடுக்குவது போல் இவை அடுக்கப்பட்டிருக்கும். உராய்வுத் தட்டுகள் எஞ்சினோடு சுழல்கின்றன. எஃகுத் தட்டுகள் கியர்ப் பெட்டியோடு சுழல்கின்றன. இந்த அடுக்கின் மேல் ஓர் அழுத்துத் தட்டு இருக்கிறது. அதனை வலிமையான சுருள்வில்கள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. வில்களின் முழு அழுத்தமும் அடுக்கின்மேல் விழும்போது எல்லாத் தட்டுகளும் ஒரே கட்டையாகி ஒன்றாகச் சுழலும். வண்டி ஓடும்.

நீங்கள் இடக்கைப் பிடியை இழுக்கும்போது கம்பி ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அது ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு, வில்களின் அழுத்தத்தை எதிர்த்து அழுத்துத் தட்டைச் சிறிது விலக்குகிறது. சிறிது என்றால் ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். உடனே தட்டுகளுக்கிடையே பிடிப்பு விட்டுப்போகிறது. எஞ்சின் தன்பாட்டுக்குச் சுழல, சக்கரம் விடுதலை பெறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஓரிரு மில்லிமீட்டர். பிடியின் நுனியில் உங்கள் விரல்கள் வெகுதூரம் போனாலும், பிடியும் நெம்புகோலும் அத்தூரத்தைக் குறைத்துக் குறைத்து உள்ளே கொடுக்கின்றன. கம்பி சற்றே விறைப்பாக இருந்தாலும், கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்ட பின்னும் தண்டு அழுத்துத் தட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வில்களின் அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கம்பி தாங்கிக்கொள்ளும். மிச்ச அழுத்தம் வெறும் வண்டியை ஓட்டப் போதுமானதாக இருக்கலாம். இரண்டு தோம்புகளில் இருபது இருபது லிட்டராகப் பாலை ஏற்றினால் ஏறக்குறைய 40 கிலோ கூடிவிடும். அந்தப் பாரத்தோடு மேடு ஏறும்போது, தட்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள முடியாமல் வழுக்கும். எஞ்சின் கத்துவதும் வண்டி ஏறாததும் இதனால்தான்.

வழுக்கும் தட்டுகள் உரசிச் சூடேறுகின்றன. உராய்வுப் பொருள் தேய்கிறது. கருகிக் கண்ணாடி போல் வழவழப்பாகிறது. எஃகுத் தட்டுகளில் நீலம் பாய்கிறது. அளவுகடந்த சூட்டில் வில்களும் தளர்ந்துவிடும். அப்புறம் கம்பியைச் சரிசெய்தாலும் பயனில்லை.

இரண்டு தேய்மானங்கள், இரண்டு திசைகள்

பட்டறைக்காரர்களிலும் சிலர் விளக்கிச் சொல்லாத ஒரு செய்தி உண்டு. இதனை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் கிளட்சைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்டதாகும்.

நாள் செல்லச் செல்லக் கம்பி இழுபட்டு நீள்கிறது. புதுக் கம்பி போட்ட முதல் சில நாள்களில் இது நன்றாகவே தெரியும். கம்பி நீண்டால் பிடியில் தளர்வு கூடும். இது எல்லாருக்கும் தெரிந்தது.

ஆனால், தட்டுகள் தேயும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. தட்டுகள் மெலிவதால் அடுக்கின் கனம் குறைகிறது. வில்கள் அழுத்துத் தட்டை முன்னைவிட உள்ளே கொண்டுபோகின்றன. உள்ளே வந்த அழுத்துத் தட்டு, தண்டையும் நெம்புகோலையும் கம்பியின் பக்கமாகத் தள்ளுகிறது. விளைவாகப் பிடியில் இருந்த தளர்வு குறைகிறது. யாரும் தொடாமலே கம்பி விறைப்பாகிறது!

ஆகவே, பிடியில் தளர்வு தானாகக் கூடியிருந்தால் கம்பியைப் பாருங்கள். தளர்வு தானாகக் குறைந்திருந்தால் தட்டுகள் தேய்கின்றன என்று கொள்ளுங்கள். நம் தோட்டத்து நண்பர் தொடக்கத்திலேயே தளர்வில்லாமல் இறுக்கிவிட்டார். இறுக்கியதால் தட்டு வழுக்கித் தேய்ந்தது. தேய்ந்ததால் கம்பி மேலும் விறைத்தது. விறைத்ததால் மேலும் வழுக்கியது. இந்தச் சுழலுக்குள் புதுத் தட்டுகளைப் போட்டால் அவையும் அவ்வழியே போகும். அவருக்கு இரண்டாம் முறை தட்டு மாற்றிக் கொடுத்த பட்டறை, புதுத் தட்டுக்கு ஏற்பத் தளர்வை அளந்து வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். அளந்ததாகத் தெரியவில்லை. அல்லது, அளந்து வைத்ததை வீட்டுக்கு வந்ததும் இவர் மறுபடி இறுக்கியிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.

தளர்வு அளவுக்கு மேல் போனாலும் கேடுதான். அப்போது பிடியை முழுவதும் இழுத்தாலும் தட்டுகள் முற்றிலும் பிரிவதில்லை. கியர் மாற்றும்போது 'கடக்' என்ற ஓசையும் உதையும் எழும். நிறுத்தத்தில் நியூட்ரல் கிடைக்காது. பிடியை இழுத்தபடி நிற்கும்போதே வண்டி மெல்ல முன்னால் ஊரும். தோட்டச் சடக்கு முடிந்து பெரிய சாலையைத் தொடும் முச்சந்தியில், மர லாரி வரும் நேரத்தில், பின்னால் மனைவியையோ பிள்ளையையோ உட்காரவைத்துக்கொண்டு நிற்கையில் வண்டி இவ்வாறு ஊர்ந்தால் என்னாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தளர்வின்மையால் பணம் போகும். மிகுந்த தளர்வால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எவ்வளவு தளர்வு?

கிளட்ச் பிடி உள்ள பெரும்பாலான சிறு வண்டிகளுக்குப் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு வைக்குமாறு கையேடுகள் கூறுகின்றன. சில வண்டிகளுக்கு 10 முதல் 15 வரை என்றிருக்கும். சில கையேடுகள் பிடியின் நுனியைக் கணக்கில் கொள்ளாமல், பிடி அதன் தாங்கியைத் தொடும் இடத்தில் உள்ள இடைவெளியை 2 அல்லது 3 மில்லிமீட்டர் என்று குறிக்கும். இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நுனியில் 2 மில்லிமீட்டர் வைத்தால் கிளட்ச் வழுக்கிவிடும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே உங்கள் வண்டிக்குரிய அளவு.

அளப்பதற்குப் பிள்ளைகளின் பள்ளி அடிக்கோல் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, காலையில் புறப்படுமுன் அளப்பது நல்லது. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அடிக்கோலைப் பிடியின் நுனிக்கு நேராக வையுங்கள். ஒரே விரலால் பிடியை மெல்ல இழுங்கள். முதலில் அது தடையின்றி வரும். பிறகு வில்லின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும். அவ்விடம் வரையில் நுனி நகர்ந்த தூரமே தளர்வு. ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பியும், வலப்பக்கம் முழுவதும் திருப்பியும் இதே போல் அளந்து பாருங்கள். மூன்று நிலைகளிலும் அளவு மாறாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது தளர்வு காணாமல் போனால், கம்பி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது அல்லது அது போக வேண்டிய வழியில் போகவில்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்யும் முறை

கம்பி இரண்டு பகுதிகளால் ஆனது. உள்ளே முறுக்குக் கம்பி. வெளியே அதனைச் சுற்றிய உறை. தளர்வைக் கூட்டிக் குறைக்கும்போது உள்ளேயுள்ள கம்பியின் நீளம் மாறுவதில்லை. உறை நிற்கும் இடத்தைத்தான் முன்பின்னாக நகர்த்துகிறோம். உறை நீண்டது போலானால் கம்பி குறுகியது போலாகும். இதனை ஒருமுறை புரிந்துகொண்டால் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் குழப்பம் வராது.

பிடியின் தாங்கியில், கம்பி நுழையும் இடத்தில் ஒரு திருகும் அதனைப் பூட்டும் ஒரு வளையமும் இருக்கும். இரண்டின் ஓரமும் கையால் பிடித்துத் திருப்ப ஏதுவாகச் சொரசொரப்பாக இருக்கும். முதலில் பூட்டு வளையத்தைத் தளர்த்துங்கள். திருகைத் தாங்கிக்கு உள்ளே செல்லுமாறு திருப்பினால் தளர்வு கூடும். வெளியே வருமாறு திருப்பினால் தளர்வு குறையும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிடியை முழுவதும் இழுத்து விட்டுவிட்டு அளந்து பாருங்கள். அளவு சரியானதும் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். திருகிலும் வளையத்திலும் கம்பியைக் கழற்றுவதற்கென ஒரு வெட்டு இருக்கும். இரண்டின் வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். மழை நீரும் செம்மண்ணும் அவ்வழியாக உள்ளே போகும்.

இதில் பலர் செய்யும் தவறு, மேலே உள்ள இந்தத் திருகு ஒன்றையே ஆண்டுக்கணக்கில் வெளியே திருப்பிக்கொண்டே போவது. திருகின் புரிகளில் பெரும்பகுதி வெளியே வந்து, மூன்று நான்கு புரிகளில் மட்டும் அது தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அத்திருகு ஒடிந்துவிடலாம். மேல் திருகு சில்லறைத் திருத்தத்துக்கு மட்டும் உரியது. பெரிய திருத்தத்தைக் கீழே, எஞ்சின் அருகில் உள்ள திருகில் செய்ய வேண்டும். மேல் திருகை முழுவதும் உள்ளே செலுத்திவிட்டு, ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே ஒரு ஸ்பானரால் திருகைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பானரால் பூட்டு நட்டைத் தளர்த்தித் தளர்வை ஏறக்குறைய வையுங்கள். நட்டை இறுக்கிய பின் மிச்சத்தை மேலே வந்து நுட்பமாகச் சரிசெய்யலாம்.

சில வண்டிகளில், குறிப்பாகப் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் சிலவற்றில், இவையிரண்டும் அல்லாமல் எஞ்சின் மூடிக்குப் பின்னால் தண்டைத் தொடும் மூன்றாவது திருகு ஒன்றும் இருக்கும். அவ்வாறு இருந்தால் அதனையே முதலில் சரிசெய்ய வேண்டும். கம்பியை நன்கு தளர்த்தி வைத்துக்கொண்டு, திருகை மெல்ல உள்ளே செலுத்தி, தண்டைத் தொட்டதும் நிறுத்தி, கையேட்டில் கூறிய அளவு பின்னுக்கு எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது கால் சுற்றாக இருக்கும். தெரியாதவர்கள் இதனைப் பட்டறையில் விட்டுவிடுவது நலம். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திருகுகளையும் முழுவதும் வெளியே எடுத்தும் தளர்வு குறையவில்லையா? கம்பி அதன் ஆயுளை முடித்துவிட்டது; மாற்றுங்கள். இரண்டையும் முழுவதும் உள்ளே செலுத்தியும் தளர்வே கிடைக்கவில்லையா? தட்டுகள் தேய்ந்துவிட்டன. பல சிறு வண்டிகளில் புதிய உராய்வுத் தட்டின் கனம் 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தாலே மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிடும். கண்ணால் பார்த்து இதனைச் சொல்ல இயலாது. பட்டறையில் அளவுகோலால் அளந்து காட்டச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் கேட்பதில் தவறில்லை.

சரிசெய்தபின் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, பிடியை முழுவதும் இழுத்து, முதல் கியரில் போடுங்கள். வண்டி ஊரக் கூடாது. அவ்வாறே நியூட்ரலுக்கும் எளிதாக வர வேண்டும். பிறகு ஆளில்லாத சமமான சாலையில் மேல் கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெய்ப் பிடியைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். ஓசை ஏறுவதோடு வேகமும் ஏறினால் நல்லது. ஓசை மட்டும் ஏறினால் இன்னும் வழுக்குகிறது என்று பொருள்.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால்

இப்போது குற்றம் தட்டிலோ, வில்லிலோ, எண்ணெயிலோ இருக்கும். கம்பியை மேலும் தளர்த்திப் பயனில்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். மலிவாகக் கிடைக்கிறதே என்று காருக்குரிய எண்ணெயை இதில் ஊற்றுவோர் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் எண்ணெய்கள் சிலவற்றில் வழுவழுப்பு தரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நன்மை. எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கு அது தீமை. தட்டுகள் ஒன்றையொன்று பிடிப்பதற்குப் பதிலாக வழுக்கும். எண்ணெய்க் குப்பியில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜப்பானியர் 1998-இல் வகுத்த தரக்குறி அது. இத்தகைய கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய் என்பதைக் காட்டுவது. 'எம்.பி.' என்ற குறியுள்ளது, கிளட்ச் எண்ணெயில் மூழ்காத ஸ்கூட்டர்களுக்குரியது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர், பெட்ரோலோடு கலந்து எரியும் எண்ணெயையும் கியர்ப் பெட்டி எண்ணெயையும் ஒன்றென்று எண்ண வேண்டா. கிளட்ச் இருப்பது கியர்ப் பெட்டி எண்ணெயில். எரியும் எண்ணெய் குறைந்தால் நினைவாக ஊற்றுகிறோம். குறையாத இதனை மாற்ற மறந்துவிடுகிறோம்.

ஓட்டும் பழக்கமும் ஒரு காரணமே. இரண்டு விரல்களைக் கிளட்ச் பிடியின் மேல் ஓய்வாக வைத்துக்கொண்டே ஓட்டுவோரைக் காண்கிறேன். கைகளின் பாரத்தால் தளர்வு போய்விடுகிறது. நீங்கள் அளந்து வைத்ததெல்லாம் வீண். மேட்டில் நிற்க நேரும்போது பிரேக்கைப் பிடிக்காமல், கிளட்சைப் பாதி பிடித்து எண்ணெயை முறுக்கி வண்டியை நிறுத்தி வைப்போரும் உளர். அந்த அரை நிமிடத்தில் தட்டுகள் படும் பாடு பெரிது.

கம்பியைப் பேணுதல்

கம்பி கெடுவது பெரும்பாலும் இரு முனைகளில்தான். பிடியில் மாட்டும் முனையில் உள்ள குண்டின் அருகே ஓரிரு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஓர் இழை அறுந்தாலே மாற்றிவிடுங்கள். மற்ற இழைகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கிவிட்டன.

தோட்டத்து வண்டிகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. தோம்பைத் தூக்கி வைத்த கையோடு பிடியைப் பிடிப்பதால் பால் அதன்மேல் படிந்து, காய்ந்து, பசையாகிறது. மேலே செம்மண் தூசி ஒட்டிக்கொள்கிறது. பிடியை விட்டாலும் அது முழுவதும் திரும்பி வருவதில்லை. தளர்வு சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்குவதற்கு இதுவும் காரணமாகலாம். ஈரத் துணியால் அன்றன்றே துடைத்துவிட்டால் போதும். காய்ந்துவிட்டால் உரித்து எடுக்க வேண்டும். கத்தியால் சுரண்டும்போது கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இடுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. கம்பியின் மேல் முனையைப் பிடியிலிருந்து கழற்றி நிமிர்த்திக் கட்டுங்கள். சிறிய பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி, உறையின் வாயில் செருகி, நூலால் இறுகக் கட்டினால் ஒரு புனல் கிடைக்கும். அதில் தையல் இயந்திரத்துக்கு இடுவது போன்ற மெல்லிய எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கீழ் முனையில் எண்ணெய் கசிந்திருக்கும். கெட்டியான கிரீஸை உறைக்குள் செலுத்தாதீர்கள்; அது தூசியைப் பிடித்து அரைத்துக்கொண்டிருக்கும். கிரீஸ் குண்டுக்கும் பிடியின் அச்சாணிக்கும் மட்டும். உள்ளே நைலான் குழாய் வைத்துச் செய்த புதுவகைக் கம்பிகளுக்கு எண்ணெய் தேவைப்படாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளட்ச் பிடி இல்லாத வண்டிகள்

இதுவரை படித்துவிட்டு, "என் வண்டியில் இடக்கைப் பிடியே இல்லையே" என்று கூறுவோர் பலர் இருப்பர். ஹோண்டா நிறுவனம் 1958-இல் ஜப்பானில் வெளியிட்ட கப் வண்டியின் வழிவந்தவற்றை நம் நாட்டில் கப்சாய் என்கிறோம். இவற்றில் எஞ்சின் வேகம் ஏற ஏறக் கிளட்ச் தானே பிடித்துக்கொள்கிறது. கியர் மிதியை அழுத்தும்போது அதுவே விலகுகிறது. கம்பி இல்லையே தவிர, தளர்வு இவற்றுக்கும் தேவை. அதனைச் சரிசெய்ய எஞ்சினின் வலப்பக்க மூடியில் ஒரு பூட்டு நட்டும், அதன் நடுவே ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள்.

ஹோண்டா கப் வகை வண்டிகளுக்குரிய முறை இது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். பிறகு இடஞ்சுழியாக மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சிறு தடை தெரியும். அங்கேயே நிறுத்தி, வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புங்கள். திருகு அசையாதபடி திருப்புளியால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். எட்டில் ஒரு பங்கு என்பது கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குப் போகும் தூரம். வேறு நிறுவனத்து வண்டிகளில் திசையும் அளவும் மாறுபடலாம். ஆகவே கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டா.

நம் நண்பரின் வண்டிக்கு வருவோம். அன்று அவருடைய மகளின் பள்ளி அடிக்கோலை வாங்கி, கம்பியைத் தளர்த்தி, நுனியில் 15 மில்லிமீட்டர் வைத்துக் கொடுத்தேன். ஆயினும் தட்டுகள் முன்னரே கருகிப்போயிருந்ததால் மேட்டில் வழுக்குவது நிற்கவில்லை. மூன்றாம் முறையாகத் தட்டு மாற்றத்தான் வேண்டியிருந்தது. பட்டறையில் கழற்றிய பழைய தட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, லயத்து வாசலில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். பக்கத்து வீட்டு இளைஞர்கள் வண்டியோடு வந்து நின்றால் அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறாராம்.

புதுக் கம்பி வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்றை மாட்டி, மற்றொன்றை அதன் பக்கத்திலேயே அதே வழியில் செலுத்தி, முனைகளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டி வைத்துவிடலாம். இருட்டில், காட்டு நடுவில் கம்பி அறுந்தால், முனைகளை மட்டும் மாற்றி மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு வேண்டிய இரண்டு ஸ்பானர்களையும் இருக்கைக்கு அடியிலேயே வைத்திருங்கள்.